ஆங்கில உடைமைச் சொற்களை ஸ்பானியத்தில் பெயர்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான படிப்படி வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். மை, யுவர், ஹிஸ், ஹெர், தெயர் போன்ற சிறு சொற்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கப் பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், மருத்துவக் குறிப்பு, செயலியின் திரைவாசகம் என்று உண்மையான வேலை கைக்கு வரும்போது, இந்தச் சிறு சொற்களிடத்தில்தான் நாம் மணிக்கணக்கில் நின்றுவிடுகிறோம். எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர ஆளில்லாததால் நெடுநாள் திணறியபின்தான் இது வசப்பட்டது. நீங்கள் அவ்வாறு திணற வேண்டியதில்லை. தமிழ் இலக்கணம் ஏற்கெனவே நமக்குக் கற்றுத்தந்த சில வேறுபாடுகள், ஆங்கிலம் மறைத்துவைக்கும் இடங்களில் ஸ்பானியத்துக்கு நேர்வழி காட்டுகின்றன.

ஸ்பானியச் சொற்களை ஒலிக்கேற்பத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய அகாதெமியின் அகராதியை இணையத்தில் கட்டணமின்றியே பயன்படுத்தலாம்.

1. வேலையை ஏற்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

முதல் கேள்வி, படிக்கப்போகிறவர் எந்த நாட்டவர் என்பது. யுவர் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானியத்தில் மூன்று வழிகள் உண்டு. நெருக்கமாக ஒருவரை விளித்தால் 'து', மரியாதையாக விளித்தால் 'ஸு', ஸ்பெயினில் பலரை நெருக்கமாக விளித்தால் 'புவெஸ்த்ரோ'. இந்த மூன்றாவது வடிவம் லத்தீன் அமெரிக்காவின் அன்றாட வழக்கில் இல்லை. அங்கே பலரை விளிக்கும்போது நெருக்கமோ மரியாதையோ எதுவானாலும் 'உஸ்தெதெஸ்' என்ற முன்னிலைப் பன்மையும் அதற்குரிய 'ஸு' என்ற உடைமைச் சொல்லுமே வரும். அர்ஜென்டினா, உருகுவே போன்ற நாடுகளில் 'வோஸ்' என்று விளிப்பார்கள், ஆனாலும் உடைமைச் சொல் 'து' என்றே நிற்கும்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு நம்மிடம் இருப்பதால், தமிழில் நீங்கள் என்று சொல்லும் இடமெல்லாம் ஸ்பானியத்திலும் மரியாதை வடிவமே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் 'உங்கள் கணக்கு' என்றே எழுதப்படும் ஒரு செயலி, ஸ்பெயினில் 'து குவெந்தா' என்று நெருக்கமான வடிவத்தில் பேசுவது மிகச் சாதாரணம். ஆகவே ஊகிக்காமல், வேலை தருபவரிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதி ஆவணம் முடிந்தபின் இது மாறினால் உடைமைச் சொற்களோடு வினைமுற்றுகளும் சேர்ந்து மாறும்; அது ஏறக்குறைய இரண்டாம் முறை மொழிபெயர்ப்பதற்குச் சமமான உழைப்பு.

இரண்டாவதாக, ஆவணத்தில் வரும் ஆட்கள் ஆணா பெண்ணா, யார் யாருக்கு என்ன உறவு என்ற விவரத்தைப் பெறுங்கள். இதன் தேவை மூன்றாம் படியில் தெரியும்.

மூன்றாவது, கூலிக் கணக்கு. 'ஜான்ஸ் புக்' என்பது ஆங்கிலத்தில் 2 சொற்கள். ஸ்பானியத்தில் 'எல் லிப்ரோ தெ ஜான்' என்று 4 சொற்கள். உடைமைத் தொடர்கள் நிறைந்த ஆவணம் ஸ்பானியத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீளும். சொல் கணக்கில் ஊதியம் பேசினால் மூல ஆங்கிலச் சொற்களை எண்ணுவதா, முடிந்த ஸ்பானியச் சொற்களை எண்ணுவதா என்பதைத் தொடக்கத்திலேயே உறுதிசெய்யுங்கள்.

2. உடையவரைப் பார்க்காதீர்கள், உடைமைப் பொருளைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் ஹிஸ், ஹெர், தெயர் என்று சொல் மாறுவது உடையவரைப் பொறுத்தது. ஸ்பானியத்தில் உடையவர் எந்த இடத்தினர் என்பது சொல்லைத் தேர்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் ஈறு உடைமைப் பொருளின் எண்ணைப் பொறுத்து மாறுகிறது. என் வீடு என்பது 'மி காஸா', என் வீடுகள் என்பது 'மிஸ் காஸாஸ்'. நம்முடைய, உங்களுடைய என்னும் பொருள்தரும் 'நுவெஸ்த்ரோ', 'புவெஸ்த்ரோ' ஆகிய இரண்டு மட்டும் உடைமைப் பொருளின் பாலையும் பின்பற்றும். வீடு என்ற சொல் ஸ்பானியத்தில் பெண்பால் ஆதலால், இரண்டு ஆண்கள் சேர்ந்து சொன்னாலும் 'நுவெஸ்த்ரா காஸா'தான்.

தற்காலத் தமிழில் 'என்' என்பது எதற்கு முன்னும் மாறாமல் நிற்பதால் இது அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் ஆறாம் வேற்றுமைக்கு நம் பழைய இலக்கணம் வகுத்த விதியை நினைத்துப் பாருங்கள்: உடைமைப் பொருள் ஒருமையானால் 'அது' உருபு, பன்மையானால் 'அ' உருபு. 'எனது கை' என்றும் 'என கைகள்' என்றும் எழுதிய அதே தர்க்கம்தான் 'மி', 'மிஸ்' என்ற வேறுபாட்டிலும் இருக்கிறது.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. தெயர் என்பது பன்மை என்பதால் கை தானாகவே 'ஸுஸ்' என்று எழுதிவிடும். 'தெயர் ஹவுஸ்' என்றால் வீடு ஒன்றுதான். எனவே 'ஸு காஸா'. மறுபுறம், 'ஹிஸ் புக்ஸ்' என்பதில் உடையவர் ஒருவர், நூல்கள் பல. எனவே 'ஸுஸ் லிப்ரோஸ்'.

3. 'ஸு' யாருடையது என்று தெரிகிறதா? தன், அவர் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க நேர்ந்தால், அது இதுவாக இருக்கட்டும். அவனுடைய, அவளுடைய, அதனுடைய, அவர்களுடைய, மரியாதையாக விளிக்கப்படும் உங்களுடைய என்ற அனைத்துக்கும் ஸ்பானியத்தில் 'ஸு' ஒன்றுதான். ஆங்கில வாக்கியத்தில் ஹிஸ், ஹெர் என்று தெளிவாகப் பிரிந்து நின்ற இருவர் ஸ்பானியத்தில் ஒரே சொல்லுக்குள் கரைந்துபோவார்கள்.

நான் கையாளும் முறை எளிது. ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் செந்தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உடைமைச் சொல் 'தன்', 'தம்', 'தங்கள்' என்று வந்தால், அதாவது எழுவாயைத் திரும்பிப் பார்த்தால், 'ஸு' மட்டும் போதும். 'பெத்ரோ தன் வீட்டை விற்றார்' என்பதற்கு 'பெத்ரோ பெந்தியோ ஸு காஸா' என்று எழுதினால் ஸ்பானிய வாசகர் குழம்பமாட்டார். மாறாக, 'அவருடைய' என்று வந்தால், அதாவது வேறொருவரைச் சுட்டினால், நின்று யோசியுங்கள். அங்கே 'தெ எல்' (அவருடைய, ஆண்), 'தெ எயா' (அவருடைய, பெண்), 'தெ எயோஸ்' (அவர்களுடைய) என்ற வடிவங்களில் ஒன்றோ, உடையவரின் பெயரோ தேவைப்படும்.

மரியா பெத்ரோவிடம், பெத்ரோவின் சகோதரர் மரியாவின் காரை விற்றுவிட்டதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சகோதரருக்கு முன் ஹிஸ், காருக்கு முன் ஹெர் என்று எழுதிவிட்டால் ஐயமே இல்லை. ஸ்பானியத்தில் இரண்டு இடத்திலும் 'ஸு' என்று எழுதினால், சகோதரர் யாருக்குச் சகோதரர், கார் யாருடைய கார் என்ற இரண்டுமே தெரியாமல் போகும். 'எல் எர்மானோ தெ எல்' என்றும் 'எல் கோச்சே தெ எயா' என்றும் பிரித்து எழுதினால் தெளிவாகிவிடும். இத்தகைய உள்வாக்கியங்களில் தமிழின் 'தன்' என்ற சொல்லும் வழுக்கும் என்பதை மறக்க வேண்டாம். சோதனை செய்யும்போது பெயர்களையே இட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலமே தெளிவற்று இருக்கும் இடங்களும் உண்டு. வாடகை ஒப்பந்தம் ஒன்றில், குடியிருப்பவர் 'ஹிஸ் ப்ராப்பர்ட்டி' சேதமடைந்தால் வீட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், சேதமடைவது உரிமையாளரின் கட்டடமா, குடியிருப்பவரின் உடைமைகளா? இதை நீங்களே தீர்மானிக்கக் கூடாது. வேலை தந்தவரிடம் கேட்டு, கிடைத்த பதிலின்படி உரிமையாளர் என்னும் 'அர்ரெந்ததோர்' அல்லது குடியிருப்பவர் என்னும் 'அர்ரெந்ததாரியோ' என்ற பெயர்ச்சொல்லையே திரும்ப எழுதுங்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பெயர்ச்சொல் திரும்பத் திரும்ப வருவதை ஒரு குறையாக யாரும் கருதுவதில்லை. பணப்பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

மரியாதைக் கடிதங்களிலும் கவனம் வேண்டும். ஒருவரை 'உஸ்தெத்' என்று விளித்து எழுதும் கடிதத்தில் வரும் 'ஸு' பெரும்பாலும் கடிதம் பெறுபவரையே சுட்டுவதாகப் படிக்கப்படும். அங்கே இயக்குநரின் அறிக்கையைக் குறிக்க 'ஸு' என்று எழுதினால், பெறுபவர் தம் அறிக்கையைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொள்வார்.

இதற்கு நேர்மாறான மிகையும் உண்டு. தெளிவுபடுத்தும் ஆர்வத்தில் எல்லா இடத்திலும் 'தெ எல்' சேர்ப்பது நடையைக் கெடுத்துவிடும். 'ஸு காஸா தெ எல்' என்று இரண்டையும் ஒருசேர எழுதுவது சில நாட்டுப் பேச்சுவழக்கில் கேட்கும். ஆவண நடையில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

'ஸு' பால் காட்டாதது ஓரிடத்தில் பெரிய வசதி. 'ஒவ்வொரு பயனரும் தம் கடவுச்சொல்லை இட வேண்டும்' என்பது போன்ற பொது வாக்கியங்களில் ஆங்கிலம் ஒருவருக்கே தெயர் என்றோ, ஹிஸ், ஹெர் இரண்டையும் சாய்கோட்டால் இணைத்தோ எழுதும். ஸ்பானியத்தில் 'ஸு' ஒன்றே போதும், சாய்கோடு வேண்டாம்.

4. உடலுறுப்பும் உடையும்: ஆங்கிலத்தை விட்டுத் தமிழைப் பின்பற்றுங்கள்

ஆங்கிலம் 'மை ஹெட்', 'மை ஹேண்ட்ஸ்' என்று ஒவ்வோர் உறுப்புக்கும் உடைமைச் சொல் ஒட்டும். தமிழ் அப்படிச் செய்வதில்லை. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்கிறோம். 'என் தலை வலிக்கிறது' என்பது ஏதோ வலியுறுத்திச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ஸ்பானியமும் இதே போக்குடையது. 'மெ துவெலெ லா கபெஸா' என்பதில் 'மெ' என்பது நம் 'எனக்கு'. தலைக்கு முன்னால் நிற்பது உடைமைச் சொல் அன்று, ஆங்கிலத்தின் 'தி' போன்ற 'லா' என்ற சுட்டு இடைச்சொல் மட்டுமே. கை கழுவினேன் என்று நாம் சொல்வதைப் போலவே, அங்கும் கைக்கு முன் 'மிஸ்' வராது; 'லாஸ் மானோஸ்' என்றுதான் வரும்.

நம் இலக்கணம் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் பிரித்த வேறுபாடு இங்கே கைகொடுக்கிறது. உடலோடு பிரியாத உறுப்பு தற்கிழமை, உடையவரிடமிருந்து பிரியக்கூடிய பொருள் பிறிதின்கிழமை. தற்கிழமைப் பொருளுக்கு நிகழும் ஒன்றைச் சொல்லும்போது, உடையவரை நான்காம் வேற்றுமையில் வைத்து, உறுப்புக்கு முன் சுட்டு இடைச்சொல்லை இடுங்கள். மருத்துவர் அவளுடைய கண்களைப் பரிசோதித்தார் என்பதில் கண்களுக்கு முன் 'ஸுஸ்' என்று எழுதினால், மருத்துவர் தம் கண்களையே பரிசோதித்ததாகக்கூடப் படிக்க இடமுண்டு. 'எல் மெதிகோ லெ எக்ஸாமினோ லோஸ் ஓஹோஸ்' என்று எழுதினால் 'லெ' என்ற சொல் 'அவளுக்கு' என்று கண்களின் உரியவரைக் காட்டிவிடும். மருத்துவக் குறிப்புகளில் இந்த அமைப்பு மிகுதியாக வரும். பழகிக்கொண்டால் வேலை விரைவாகும்.

ஸ்பானியம் இந்த விதியை உடலின்மேல் இருக்கும் உடைக்கும் உடன்வைத்திருக்கும் பொருளுக்கும் நீட்டிக்கிறது. அவர் மேலங்கியை அணிந்தார் என்பதற்கு 'ஸெ புஸோ எல் அப்ரீகோ'. பணப்பையை யாரோ திருடிவிட்டார்கள் என்பதற்கு 'லெ ரொபாரோன் லா கர்த்தேரா'.

எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மாணவர்கள் கையை உயர்த்தினார்கள் என்பதற்கு ஆங்கிலம் 'தெயர் ஹேண்ட்ஸ்' என்று பன்மையில் எழுதும். ஆளுக்கு ஒரு கை என்றால் ஸ்பானியம், தமிழைப் போலவே, 'லா மானோ' என்று ஒருமையில் நிறுத்தும். அனைவரும் தொப்பியைக் கழற்றினார்கள் என்பதும் 'ஸெ கித்தாரோன் எல் ஸொம்ப்ரேரோ' என்று ஒருமையே. பன்மையில் எழுதினால் ஆளுக்குப் பல தொப்பிகள் என்று தோன்றக்கூடும்.

விதிவிலக்கு, உறுப்பே பேச்சின் பொருளாகும்போது வரும். அவளுடைய நீலக் கண்கள் என்னைப் பார்த்தன என்ற வாக்கியத்தில் கண்கள் எழுவாய், வருணனையும் பெற்றிருக்கிறது. அங்கே 'ஸுஸ் ஓஹோஸ்' என்பதே பொருத்தம்.

5. அப்பாஸ்ட்ரஃபி எஸ்: கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள்

ஸ்பானியத்தில் உடைமைக்கு அப்பாஸ்ட்ரஃபி கிடையாது. உடைமைப் பொருள் முதலில், பிறகு 'தெ', பிறகு உடையவர். நீண்ட சங்கிலிகளுக்குக் கடைசிச் சொல்லைப் பிடித்துப் பின்னோக்கி வாருங்கள். 'என் சகோதரனின் நண்பனின் வீடு' என்பது வீடு, நண்பன், என் சகோதரன் என்று தலைகீழாகி, 'லா காஸா தெல் அமீகோ தெ மி எர்மானோ' ஆகும்.

இதில் 'தெல்' என்பது 'தெ' என்பதும் 'எல்' என்ற சுட்டு இடைச்சொல்லும் சேர்ந்த வடிவம். சேர்த்து எழுதுவது கட்டாயம். ஆனால் அவன் என்னும் பொருளுள்ள 'எல்' வேறு சொல். அதன் எழுத்தின்மேல் ஒலிக்குறி இருக்கும், அது 'தெ' உடன் சேராது. 'எல் ஸால்வதோர்' நாட்டின் பெயரிலுள்ள 'எல்' என்பதும் பெயரின் பகுதி ஆதலால் எழுத்தில் சேர்வதில்லை.

எல்லா அப்பாஸ்ட்ரஃபி எஸ்ஸும் உடைமை அன்று என்பதையும் கவனியுங்கள். 'சில்ட்ரன்ஸ் புக்' என்பது பெரும்பாலும் குழந்தைகளுக்கான நூல். அதற்கு 'லிப்ரோ இன்ஃபாந்தீல்' என்ற பெயரடை வேண்டும். குறிப்பிட்ட சில குழந்தைகளின் நூல் என்றால் மட்டுமே 'எல் லிப்ரோ தெ லோஸ் நீன்யோஸ்'. தமிழில் 'க்கான' என்று வருமா, 'இன்' என்று வருமா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒருவருடைய வீட்டில் என்பதை ஆங்கிலம் வீடு என்ற சொல்லே இல்லாமல் பெயரோடு நிறுத்திவிடும். ஸ்பானியத்தில் 'காஸா தெ மரியா' என்று வீட்டைச் சொல்லியாக வேண்டும். இன்னும் சில இடங்களில் அந்த எஸ், 'இஸ்' அல்லது 'ஹேஸ்' என்பதன் சுருக்கமாகவே இருக்கும்.

6. 'என்னுடையது', 'யாருடைய': சுருக்கமாக

பெயர்ச்சொல்லுக்குப் பின் வரும் நீண்ட வடிவங்கள் 'மீயோ', 'துயோ', 'ஸுயோ' என்பவை. இவை அனைத்தும் உடைமைப் பொருளின் பாலையும் எண்ணையும் பின்பற்றும். 'என் நண்பர் ஒருவர்' என்பதில் நண்பர் என்னும் சொல் முன்னும் 'மீயோ' பின்னும் நிற்கும். இது என்னுடையது என்று உரிமை கூறும்போது 'எஸ் மீயோ'. பலவற்றுள் என்னுடையது இதுதான் என்று தேர்ந்து காட்டும்போது 'எஸ் எல் மீயோ'. எனக்கு முன்னால் என்பதற்கு 'தெலாந்தே மீயோ' என்று பலர் பேசுவார்கள். எழுத்தில் 'தெலாந்தே தெ மீ' என்பதையே கையாளுங்கள்.

'ஹூஸ்' என்பது கேள்வியானால் 'தெ கியென்'. இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொல்லானால் 'குயோ'. அதுவும் உடைமைப் பொருளையே பின்பற்றும். அதற்குப் பதிலாகப் பேச்சில் வரும் 'கெ ஸு' என்ற இணைப்பு ஆவணத்தில் ஏற்கப்படுவதில்லை.

7. ஆவண வகைக்கேற்ற பொறிகள்

சான்றிதழ்களில் உடைமை பெரும்பாலும் தலைப்புகளில் வரும். தந்தையின் பெயர் 'நோம்ப்ரே தெல் பாத்ரே'. விண்ணப்பதாரரின் கையொப்பம் 'ஃபிர்மா தெல் ஸொலிஸிதாந்தே'. விண்ணப்பதாரர் பெண் என்று தெரிந்தால் 'தெல்' என்பது 'தெ லா' ஆக வேண்டும். முதற்படியில் ஆட்களின் விவரத்தைக் கேட்டது இதற்காகவும்தான். தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் கேட்கப்பட்டிருந்தால், ஸ்பெயினில் பெண்கள் திருமணத்துக்குப்பின் குடும்பப்பெயரை மாற்றுவதில்லை என்பதற்காகத் தலைப்பைச் சுருக்கிவிடாதீர்கள். 'அபெயீதோ தெ ஸொல்தேரா தெ லா மாத்ரே' என்று மூலத்தில் உள்ளதை உள்ளபடி தாருங்கள்.

ஸ்பெயின் அரசு அலுவலகங்களில் ஒப்படைக்கும் வெளிநாட்டு ஆவணங்களுக்கு, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் பெரும்பாலும் கேட்கப்படும். நீங்கள் அவருக்காக வரைவு தயாரிப்பவரானால், உடைமை பற்றிய ஐயங்களை முத்திரைக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். முத்திரையிட்டபின் ஒரு 'ஸு' மாறினாலும் முழு ஆவணத்தையும் மறுபடி அச்சிட்டு ஒப்பமிட வேண்டியிருக்கும். அதற்கான கட்டணமும் காத்திருப்பும் விண்ணப்பதாரரின் தலையில் விழும்.

செயலிகளின் திரைவாசகங்களில் சிக்கல் வேறு. 'இன்னாரின் புகைப்படங்கள்' என்ற வாசகத்தில் பெயருக்காக விடப்பட்ட இடம் ஆங்கிலத்தில் முன்னால் இருக்கும். ஸ்பானியத்தில் 'ஃபோத்தோஸ் தெ' என்பதற்குப் பின்னால் போக வேண்டும். அந்த இடத்தை நகர்த்த முடியுமா என்று மென்பொருள் குழுவிடம் கேளுங்கள். அங்கே ஆளின் பெயர் மட்டுமே வருமா, 'மேலாளர்' போன்ற பொதுச்சொல்லும் வருமா என்றும் கேளுங்கள். பின்னது வந்தால் 'தெ', 'தெல்' சிக்கல் எழும். பொத்தான்களுக்கு எழுத்து வரம்பு இருந்தால், உடைமைச் சொல்லை விட்டுவிட அனுமதி பெறுவது பல இடங்களில் எளிய தீர்வு.

8. ஒப்படைக்கும் முன் சரிபார்ப்பு

வரைவு முடிந்த அன்றே சரிபார்க்காதீர்கள். ஆங்கில வாக்கியம் மனத்தில் பசுமையாக இருக்கும்வரை, 'ஸு' யாருடையது என்பது உங்களுக்கு மட்டும் தெளிவாகத் தெரியும். ஓர் இரவாவது இடைவெளி விட்டு, மூலத்தை மூடிவைத்து, ஸ்பானியத்தை மட்டும் படியுங்கள். இந்த இடைவெளியையும் சேர்த்தே ஒப்படைக்கும் நாளைப் பேசிக்கொள்வது நல்லது.

பிறகு கோப்பில் 'ஸு', 'ஸுஸ்' இரண்டையும் தேடுகருவியில் இட்டு, ஒவ்வோர் இடத்திலும் உடையவர் யார் என்று ஓரத்தில் குறியுங்கள். நீண்ட ஒப்பந்தத்தில் இது அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் மாற்று வழி இல்லை. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளுக்கு இந்தப் பிழை தெரியாது, ஏனெனில் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். தாய்மொழியாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்துப் படிக்கச் சொல்வதானால், முழு ஆவணத்தையும் தராமல், நீங்கள் ஐயம் குறித்த பத்திகளை மட்டும் தந்தால் செலவு குறையும்.

கடைசியாக ஒலிக்குறிகள். உன்னுடைய என்னும் 'து'வுக்குக் குறி இல்லை, நீ என்னும் 'து'வுக்கு உண்டு. என்னுடைய என்னும் 'மி'க்குக் குறி இல்லை, 'தெ' போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் 'என்னை', 'எனக்கு' என்ற பொருளில் வரும் 'மீ'க்கு உண்டு. இவற்றைத் தனியாக ஒருமுறை தேடித் திருத்திவிட்டு, பதில் கிடைக்காத ஐயங்களை வரி எண்ணோடு ஒரு தாளில் எழுதி, மொழிபெயர்ப்போடு சேர்த்து அனுப்புங்கள்.